பதினோரு பைகள்

பாபு, இந்தக் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் வைத்துப் படிக்காதே. படித்தால் பாதி வழியிலேயே இறங்கிவிடுவாய். வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. முடித்ததும் கவிதாவிடம் கொடு. அவளிடம் மறைக்க வேண்டியது இதில் ஒன்றும் இல்லை, மறைத்த வரைக்கும் போதும். இதன் ஒரு நகலை ஜெனியின் அப்பா அந்தோணியிடம் கொடுத்துவிடுவேன். இன்னொன்றை நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கப்போகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரன் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பான். பார்க்கட்டும். உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று ஊரே தெரிந்துகொள்ளட்டும். ஆனால் முதலில் தெரிய வேண்டியது உனக்கு.

போன புதன்கிழமை பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போனோமே, அந்த நாளிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. கார்டைக் காட்டக் கவுன்டருக்குப் போக வேண்டும் என்று கவிதா பாப்பாவை உன்னிடம் நீட்டினாள். “ஒரு நிமிஷம் புடிங்க, காட்டிட்டு வந்துடறேன்” என்றாள். நீ பாப்பாவின் துணிப்பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் பின்னால் நகர்ந்தாய். “அப்பாகிட்ட குடு. என்கிட்ட வேணாம்” என்றாய். “உங்க புள்ளதானே, கடிக்கவா போறா?” என்று அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. “என்கிட்ட குடுத்தா தொலைஞ்சு போயிடும்” என்றாய். அங்கிருந்த நர்ஸ் அம்மா உட்பட எல்லோரும் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. பாப்பாவுக்கு நாலு மாதம் ஆகிறது. உங்கள் ஈஜிபுரா வீட்டு வாசல்படியைத் தாண்டி நீ அவளைத் தூக்கிக்கொண்டு வந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஏன் என்று கவிதா என்னிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும், “அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தாம்மா, பயந்தாங்கொள்ளி” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

கவிதாவுக்குத் தெரியாததால் முதலிலிருந்தே சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது நான் ஸ்கூல் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். மர்பி டவுனில் பத்து வீட்டுப் பிள்ளைகள், உன்னைச் சேர்த்துப் பதினொன்று. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி அடித்து, அதில் கொக்கி வைத்துப் பைகளையெல்லாம் வெளியே தொங்கவிட்டிருப்பேன். பைகளை உள்ளே வைத்தால் பிள்ளைகளுக்கு இடம் ஏது? சாயங்காலம் பள்ளி விட்டதும் ஒவ்வொரு பிள்ளையாக ஓடி வந்து பையை என் மேல் எறியும், நான் வாங்கி மாட்டுவேன். கிளம்புவதற்கு முன்னால் எண்ணுவேன். எதை? பைகளை. எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான். பிள்ளைகளை எண்ணவே முடியாது. ஒன்று குனியும், ஒன்று இன்னொன்றின் மடியில் ஏறும், ஒன்று சீட்டுக்கு அடியில் பென்சில் தேடும். பை அசையாமல் தொங்கும். பதினோரு பை இருந்தால் பதினோரு பிள்ளை. ஆறு வருஷம் அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை, அதனால் அதையே பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெனியை உனக்கு ஞாபகம் இருக்கும். யூகேஜி. என் சீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருந்த சின்னப் பலகையில், என் முதுகில் சாய்ந்துகொண்டு உட்காருவாள். வாய் ஓயாது. “அங்கிள், ஆட்டோவுக்குப் பசிக்குமா? அங்கிள், சிக்னல்ல தூங்கிட்டீங்களா?” அந்தோணிக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒரே பிள்ளை. அந்தோணி பெயின்டர். எங்கே வேலை இருந்தாலும் காலையில் அவன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, பையைத் தன் கையால் கொக்கியில் மாட்டிவிட்டு, “பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணா” என்று தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவான். ‘இவன் ஒருத்தன், தினமும் சொல்ல வேண்டுமா’ என்று எனக்குச் சில நாள் எரிச்சல் வரும்.

அது ஒரு வியாழக்கிழமை. கேட்டுக்கு முன்னால் ஒரே நெரிசல். நீ வந்ததும் உன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு மாங்காய் வண்டிக்கு ஓடினாய். ஒரு கீற்று மாங்காய் வாங்கி, மிளகாய்ப்பொடி தோய்த்து, இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாய். முழங்கை வரைக்கும் சிவப்பாக வழிந்தது. அப்போது ஜெனி வந்தாள். உன்னிடம் இல்லை, என்னிடம் வந்தாள். நன்றாகக் கேட்டுக்கொள், என்னிடம் வந்தாள். “அங்கிள், வாரு அந்துபோச்சு” என்று பையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். தோள்வார் மேலே பிய்ந்திருந்தது. எனக்கு அவசரம். படுதா கட்ட வைத்திருந்த சைக்கிள் ட்யூப் துண்டை எடுத்து, பையில் ஒரு வளையம் போட்டு முடிச்சுப் போட்டு, கொக்கியில் மாட்டினேன். “அங்கிள், தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்றாள். “சீக்கிரம் வா” என்றேன். மஞ்சள் பாட்டிலை ஆட்டிக்கொண்டு திரும்பி உள்ளே ஓடினாள். கண்ணால் பார்த்தேன். உடனே ட்ராஃபிக் போலீஸ்காரர் வந்து ஆட்டோ தலையில் லத்தியால் தட்டினார். “ஏய், காடி தெகி! தெகி!” என்று, வண்டியை எடுக்கச் சொல்லி ஒரே கத்தல். பின்னால் வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டு முன்சீட்டில் ஏற்றினேன். பைகளை எண்ணினேன். பதினொன்று. கிளம்பிவிட்டேன்.

அந்தோணி வீட்டுச் சந்தில் நிறுத்தி, “ஜெனி, இறங்கும்மா” என்றேன். பையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பலகை காலி. ஸ்டெல்லா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையை ஈரத்துணியில் துடைத்தபடி. “எங்கண்ணா அவ?” என்று கேட்டாள். ஆட்டோவில் மிச்சமிருந்த பிள்ளைகளோடு அப்படியே திருப்பிக்கொண்டு பள்ளிக்கு ஓட்டினேன். முன்கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து கையை விரித்தார். இருட்டுவதற்குள் பாதி மர்பி டவுன் அந்தக் கேட்டில் நின்றது, அதற்குப் பிறகு போலீஸ் வந்தது, என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் அடித்தார்கள். அதைச் சொல்லி உன்னிடம் பரிதாபம் தேடவில்லை, அந்த அடி எனக்குப் பத்தாது. ஆனால் அன்றைக்கு நான் எப்படிப்பட்ட பயத்தில் இருந்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். “பேக் ஆட்டோல இருக்கு, கொழந்த இல்ல. அப்போ பேக் யாரு வாங்கினது? அவன்தான் அவள கடைசியா பாத்தவன். நிஜ ஹேளு, உண்மைய சொல்லு!” நான்தான் வாங்கினேன் என்றால், அவள் திரும்பி உள்ளே போனதைப் பார்த்தும் விட்டுவிட்டு வந்தவன் ஆகிறேன். இல்லாவிட்டால், பிள்ளையை நானே யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று எழுதிக்கொள்வார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஜெயில். ‘எட்டு வயசுப் பிள்ளையை இவர்கள் என்ன செய்துவிடப்போகிறார்கள்’ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எந்தப் பாவி மண்டையில் வந்ததோ அவன்தான் உன் அப்பன். “என் பையன் சார். முன்சீட்ல உக்காருவான். அவன்தான் எல்லார்கிட்டயும் பேக் வாங்குவான்” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலை வாரி, பவுடர் போட்டு, என்னவோ பள்ளிக்கூட ஃபங்ஷனுக்கு வருவதுபோலக் கூட்டி வந்தாள், பாவம். நீ முதலில் உண்மையைத்தான் சொன்னாய். “எனக்குத் தெரியாது சார். நான் மாங்கா துன்னுட்டு இருந்தேன்” என்றாய். இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் உதடு வீங்கியிருந்தது. நான் உன்னிடம், “நல்லா யோசிச்சுப் பாருடா. ஜெனி உன்கிட்டதானே பேக்க குடுத்தா? நீதானே மாட்டுன?” என்றேன். நீ என் உதட்டைப் பார்த்தாய். கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு, “ஆமா சார், நான்தான்” என்றாய்.

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்துவிட்டது. உனக்கு பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். “வெரி குட். பேக் குடுக்கறப்ப அவ என்ன சொன்னா?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொன்னாள், அவ்வளவுதான். மூன்று வார்த்தை. அது என் வாயில் இருந்தது, உன் வாயில் எப்படி வரும்? பிள்ளை நீ, எதையாவது சொன்னால் அப்பாவை விட்டுவிடுவார்கள் என்று தேடிப் பிடித்துச் சொன்னாய். “ஒரு அங்கிள் கூப்பிடறாருன்னு சொன்னா.” எப்படி இருந்தார் என்று கேட்டதற்கு, “சிவப்புச் சட்டை” என்றாய். மாங்காய் வண்டிக்காரரின் சட்டை அது. உன் கண்ணில் கடைசியாக நின்ற நிறம் அதுதான். அன்று மத்தியானமே அவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்து அறையில் அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் கிடைக்காமல் அவரை விட்டபோது அவர் நொண்டிக்கொண்டு போனார், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வண்டி போடவில்லை. பின்னால் பல வருஷம் அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் என்னை வெளியே விட்டார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் அந்தோணியிடம் போனேன். நேரே சொல்ல அப்போதும் தைரியம் இல்லை. “ஆட்டோல வர்ற ஒரு பையன் சொன்னான், ஜெனி தண்ணி குடிக்கப் போனாளாம். பின்பக்கம் கொழாய்கிட்ட பாத்தியா?” என்றேன். அவன் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேட். சுவர் கட்டுகிற வேலைக்காகக் கல்லும் மணலும் கொண்டுவர அந்த வாரம் முழுக்க அதைத் திறந்தே வைத்திருந்தார்களாம். கேட்டுக்கு வெளியே ஒரு சந்து, சந்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். நாலாவது வீட்டுக்கார அம்மா, மூலை அறையைக் காட்டி, ஒரு பெண் இருபது நாளைக்கு முன்னால் குடிவந்தாள், சுவர் வேலைக்கு மண் சுமக்கப் போவாள் என்றாள். “ரெண்டு நாளா ஊர்லேந்து பொண்ணு வந்திருக்குன்னா. ஜுரம்னு கதவ சாத்தியே வெச்சிருந்தா. இவத்து பெளிகேதான் காலி பண்ணிட்டுப் போனா” என்றாள். அன்று காலையில்தான் போயிருக்கிறாள். அந்தோணி கதவை உடைத்தான். உள்ளே ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், மூலையில் மஞ்சள் பாட்டில். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. ஸ்டெல்லா தன் கையால் எழுதி ஒட்டிய பெயர்ச் சீட்டு அப்படியே இருந்தது. அந்தோணி அதை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கணக்குப் பார், பாபு. வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து சனிக்கிழமை காலை வரைக்கும் ஜெனி அந்த அறையில் இருந்தாள். பள்ளிக்கூடக் கேட்டில் ஊரே நின்று கத்தியபோது அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஸ்டேஷனில் அந்த மூன்று வார்த்தையை நான் வியாழக்கிழமையே சொல்லியிருந்தால், குழாய், கேட், சந்து, நாலாவது கதவு, அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. போலீஸை வேறு பக்கம் அனுப்பியது உன் சிவப்புச் சட்டை என்றுதானே நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நீ அதைச் சொன்னது வெள்ளிக்கிழமை காலையில். நான் வாயை மூடிக்கொண்டது வியாழக்கிழமை சாயங்காலமே. சிவப்புச் சட்டையை உன் வாயில் வைத்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு நீ மாறிப்போனாய். மாங்காய் என்றால் வாந்தி எடுத்தாய். முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்றாய். யாராவது சாமான் கொடுத்து, பிடி என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். ஒருநாள், உனக்குப் பத்து வயது இருக்கும், என்னிடம் வந்து, “அப்பா, நான் அவ பேக்க மாட்டுனப்ப அவகூட போயிருந்தா அவ வந்திருப்பா, இல்ல?” என்று கேட்டாய். நீ எனக்காகப் பொய் சொல்கிறாய், உள்ளே உனக்கு உண்மை தெரியும் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயோ அதை நம்பியே விட்டாய். அந்த முடிச்சு, அந்தக் கொக்கி, அவள் முகம் எல்லாம் நீயே பார்த்தது மாதிரி சொல்ல ஆரம்பித்திருந்தாய். அன்றைக்காவது உன்னைக் கட்டிப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டாமா? “அதெல்லாம் நெனைக்காத, போய்ப் படி” என்றேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போகும் வரைக்கும், உன்னை அந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவள் செய்த தப்பு என்று அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூல் ஆட்டோவை விட்டுவிட்டு மீட்டர் ஆட்டோ ஓட்டினேன், அதைத்தான் பெரிய தண்டனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். பாப்பா பிறந்து இரண்டாவது மாதம், வேறு மாநிலத்தில் வேறு ஒரு பிள்ளை விஷயத்தில் அந்தப் பெண் பிடிபட்டாள். பழைய கதையையெல்லாம் சொல்லிவிட்டாள். ஜெனியை ஒரு வீட்டில் விட்டாளாம். இரண்டாவது வருஷம் மஞ்சள்காமாலை வந்து போய்விட்டதாம் பிள்ளை. பதினெட்டு வருஷம் ரயில்வே ஸ்டேஷனிலும் கோயில் வாசலிலும் ஒவ்வொரு பெண் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணிக்கு, அவள் ஏழு வயதைத் தாண்டவில்லை என்று ஒரு போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சர்ச்சில் அவளுக்காகப் பூசை வைத்தார்கள். அந்தோணியைப் பிரிந்து போயிருந்த ஸ்டெல்லாவும் கேஜிஎஃப்பிலுள்ள தன் அக்கா வீட்டிலிருந்து வந்திருந்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளேயே வரவில்லை. மழையில் கேட்டுக்கு வெளியே நின்றாய். அன்றிலிருந்துதான் நீ பாப்பாவை வீட்டுக்குள்ளேகூடத் தூக்குவதில்லை என்று கவிதா சொன்னாள்.

தடுப்பூசி போட்ட மறுநாள் சாயங்காலம் அந்தோணி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். “வாங்கண்ணா, டீ போடட்டா?” என்றான். “டீ வேணாம் அந்தோணி. ஒண்ணு சொல்லணும்” என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பை, முடிச்சு, தண்ணீர், ஸ்டேஷன், நீ. அவன் பிரஷ்ஷைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போனான். திரும்பி வரும்போது அவன் கையில் அந்த நீலப் பை இருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்தது. வாரில் கறுப்பு ட்யூப் வளையம் அப்படியே இருந்தது. துணி வெளுத்திருந்தது, ஆனால் அதில் எங்கும் ஒரு பொட்டு மிளகாய்ப்பொடிக் கறை இல்லை.

“இது யாரு போட்ட முடிச்சு?” என்றான்.

“நான்தான்.”

“தெரியும். காலைல பேக்க மாட்டுனது நானு. வாரு நல்லா இருந்துச்சு. திருப்பிக் குடுத்தப்ப இந்த ட்யூப் இருந்துச்சு. மொதல்ல எனக்கு ஒண்ணும் தோணல. ஸ்டெல்லா போனப்புறம் ஒரு நாள் மழைல உன் ஆட்டோல ஏறுனேன். படுதாவ இதே மாதிரிதான் கட்டியிருந்த.”

அண்ணா போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. போக வேண்டியதுதான். “அப்பவே ஏன் கேக்கல?” என்றேன். “கேட்டா இன்னொரு பையன் பேர சொல்லியிருப்ப” என்றான். அது உண்மை. நான் அவன் காலில் விழப்போனேன், அவன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டான். “எழுந்திரு. என் கால்ல விழுந்து என்னா ஆவப்போவுது? அவ வருவாளா?” என்றான். கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு, “பாபுக்காவது தெரியுமா?” என்று கேட்டான்.

“தெரியாது. அவன்தான் மாட்டுனான்னு அவனே நம்பிட்டு இருக்கான். கையில கொழந்தைய குடுத்தா தொலைஞ்சிடும்ங்கறான்.”

அந்தோணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். “உனக்காகத்தான் பொய் சொல்றான்னு நெனச்சிட்டு இருந்தேனே. அவன் மேலயும் எனக்குக் கோவம் இருந்துச்சு. வருசா வருசம் ஜெனி பொறந்தநாளைக்கு வந்து எதிர்ல நின்னுட்டுப் போவான். உள்ள வாடான்னு ஒரு நாள்கூட நான் கூப்பிடல” என்று சொல்லி அழுதான். பூசையில்கூட அழாதவன், உனக்காக அழுதான். நீ வருஷா வருஷம் அங்கே போய் நின்றது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், பாபு. நானும் அழுதேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “என் புள்ளைய அங்கயே விட்டுட்டு வந்துட்ட. உன் புள்ளையும் இன்னும் அந்த கேட்டுகிட்டதான் நின்னுட்டு இருக்குது. போ, போய் அவனையாவது கூட்டிட்டு வா.”

அதற்காகத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நாளைக்குக் காலையில் அந்தோணியும் நானும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். அன்றைக்கு நான் சொன்னது பொய், என் பையன் சொன்னது நான் சொல்லச் சொன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறேன். பதினெட்டு வருஷம் கழித்து அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ தெரியாது. என்ன செய்தாலும் சரி. அந்தப் பழைய காகிதத்தில் உன் பெயர் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இந்தக் காகிதமும் இருக்க வேண்டும்.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை வளர்க்கும்போது உன் கையும் ஒருநாள் தவறும். பால் சூடாக இருக்கும், கட்டிலிலிருந்து உருளுவாள், கடையில் ஒரு நிமிஷம் கண்ணில் படமாட்டாள். தவறாத அப்பன் எங்கேயும் இல்லை. தவறினால் அந்த நிமிஷமே, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல், நான்தான் என்று கத்திச் சொல்லிவிடு. கவிதா திட்டுவாள், நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நான் அந்த ஒரு வாரத்துக்குப் பயந்தேன். அதற்கு ஜெனி போனாள், ஒரு ஏழை மனுஷன் கால் போனது, உன் இருபத்தாறு வயதில் பதினெட்டு வருஷம் போனது. பாப்பா ஒருநாள் எதையாவது உடைத்துவிட்டு வந்து உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது அவள் பார்க்கிற முகம் என் முகம் மாதிரி இருக்க வேண்டாம்.

உன் கை தொலைக்கிற கை இல்லை, பாபு. அன்றைக்கு உன் கையில் மாங்காய் இருந்தது, அவ்வளவுதான். எட்டு வயசுப் பிள்ளை பள்ளி விட்டதும் மாங்காய் தின்றான். வேறு ஒன்றும் நடக்கவில்லை உன் தரப்பில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டுத் தெருமுனையில், பேக்கரிக்கு எதிரே ஆட்டோவோடு நிற்பேன். வெளியே இருந்தால் நிற்பேன், உள்ளே போட்டுவிட்டால் அந்தோணி வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். நீ வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வந்து என்னை அறைந்தாலும் வாங்கிக்கொள்வேன், பார்க்காமல் திரும்பிப் போனாலும் போகலாம். ஆனால் வாசல்படியைத் தாண்டி அந்தத் தெருமுனை வரைக்கும் மட்டும் நடந்து வா. கவிதாவைக் கூப்பிடாதே. பாப்பாவின் துணிப்பையை எடுத்துக்கொள்ளாதே, அதை வீட்டிலேயே வைத்துவிடு. பாப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு வா.